அறியாமைக்குப் பெயர் கற்பா?

மனைவி தன்னை ஏய்த்துவிட்டாள் என்று மேடைமீது ஒருவன் அலறுகிறான். அவன் நெஞ்சு வெந்து துடிக்கிறது. கீழே கொட்டகை குலுங்கிச் சிரிக்கிறது! பொன்னைப் பறிகொடுத்தவனைக் கண்டால் ஊரார் இரங்குகின்றனர். பிள்ளையைப் பறிகொடுத்தவனோடு சேர்ந்து அழுகின்றனர். மனைவியின் அன்பைப் பறிகொடுத்தவனைக் கண்டால் மட்டும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வருகிறதே, ஏன்? நகைச்சுவை நாடகந்தானே, சிரித்துவிட்டுப் போவோம் என்று இதை விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை. ஒரு சமுதாயம் எதைக் கண்டு அழுகிறது என்பதைவிட, எதைக் கண்டு சிரிக்கிறது என்பதிலேதான் அதன் உள்ளம் அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது.

ஐரோப்பிய நாடுகளிலே நெடுங்காலமாக ஒரு கேலி வழங்கிவந்தது. மனைவி சோரம் போனால் கணவனின் நெற்றியிலே கொம்பு முளைக்குமாம்! ஊரார் அனைவர் கண்ணுக்கும் அந்தக் கொம்பு தெரியும்; உரியவன் கண்ணுக்கு மட்டும் தெரியாது. கதைகளிலும் கூத்துகளிலும் இந்தக் கொம்பைக் காட்டிக் காட்டி மக்களைச் சிரிக்க வைத்தார்கள். தவறு செய்ததாகச் சொல்லப்படுபவள் மனைவி, கொம்போ கணவனுக்கு! ஒருத்தியின் நடத்தையால் இன்னொருவன் நெற்றியில் கொம்பு முளைக்க வேண்டுமானால், அவள் தனி உயிர் அல்லள், அவனுடைய உறுப்பு, அவனுடைய உடைமை என்று முதலில் நம்பியாக வேண்டும். காவல் காக்கத் தெரியாத சொந்தக்காரனை ஊர் எள்ளி நகையாடுகிறது. சிரிப்பின் உட்பொருள் இதுதான்.

இந்தச் சிரிப்பை எடுத்து, அதன் முனையைத் திருப்பி, காவல்காரனின் மார்புக்கு நேரே நீட்டியவர் பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேர். 1662ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், பாரிசு நகரின் பாலே ருவாயால் அரங்கிலே அவருடைய 'மனைவியர் பள்ளி' முதன்முதலாக மேடையேறியது. ஐந்து அங்கங்கள், செய்யுள் நாடகம். கூட்டம் அலைமோதிற்று, அதோடு பாரிசே இரண்டுபட்டது. ஆபாசம் என்றனர் சிலர். மத நிந்தனை என்றனர் சிலர். நாடக இலக்கணம் தெரியாதவன் என்றனர் மற்றும் சிலர். தம்மைத் தாக்கியவர்களுக்கு மறுமொழியாக 1663இல் மேலும் இரண்டு சிறு நாடகங்களை எழுதி அரங்கேற்றினார் மொலியேர்.

நாம் இந்நாடகத்தை முதலில் படித்தது கல்லூரி நாட்களிலே, ஆங்கில மொழிபெயர்ப்பில். அன்று வயிறு வலிக்கச் சிரித்ததோடு சரி. ஆசிரியத் தொழிலுக்கு வந்தபின் மறுமுறை படித்தோம். அப்போது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. பெயரிலேயே பள்ளி இருக்கிறதல்லவா? ஒரு பெண்ணுக்கு எதைக் கற்றுக் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே நடத்தப்பட்ட பள்ளி அது.

கதைத் தலைவன் ஆர்னோல்ப். வயது 42. செல்வன். ஊரிலே யாருடைய மனைவி யாரோடு பழகுகிறாள் என்ற கதைகளைத் திரட்டிவைத்துச் சிரிப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. அடுத்தவன் நெற்றிக் கொம்பைக் கண்டு சிரித்தவனுக்குத் தன் நெற்றியைப் பற்றிய நடுக்கம் வராமல் இருக்குமா? எனவே ஒரு திட்டம் தீட்டுகிறான். வறுமையில் வாடிய ஒரு குடியானவப் பெண்ணிடமிருந்து நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கேட்டு வாங்குகிறான். ஆளரவமற்ற சிறிய கன்னிமாடம் ஒன்றிலே சேர்க்கிறான். எவ்வளவு அறிவிலியாக வளர்க்க முடியுமோ அவ்வளவு அறிவிலியாக வளர்த்துக் கொடுங்கள் என்பது அவன் இட்ட கட்டளை. கடவுளைத் தொழவும், கணவனை நேசிக்கவும், தைக்கவும், நூற்கவும் தெரிந்தால் ஒருத்திக்குப் போதும் என்பது அவன் வகுத்த பாடத்திட்டம். சிறுமி வளர்ந்து பருவம் எய்துகிறாள். அவள் பெயர் அன்யேஸ். அவளைப் போலவே ஒன்றும் அறியாத இரண்டு வேலைக்காரர்களைக் காவல் வைத்துத் தனிவீடு ஒன்றில் குடியமர்த்துகிறான். நாளை மணமுடிக்க வேண்டியதுதான் பாக்கி.

இக்கதையின் கருவை மொலியேர் புதிதாகப் படைத்தார் என்று சொல்வதற்கில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்காரோன் இதே பொருளில் ஒரு கதை எழுதியிருந்தார்; அவரும் அதை ஸ்பெயின் நாட்டிலிருந்து பெற்றார். 1637இல் அக்கதையை வெளியிட்டவர் மரியா தெ சாயாஸ் என்னும் பெண் எழுத்தாளர். அவர் கதையிலும் ஒருவன், அறிவுள்ள பெண்களிடம் ஏமாந்து ஏமாந்து, கடைசியில் ஒன்றுமறியாத பேதையை மணக்கிறான். மனைவியின் கடமை என்ன தெரியுமா என்று கேட்டு, போர்க்கவசம் பூட்டி, ஈட்டியைக் கையில் கொடுத்து, இரவெல்லாம் தன் படுக்கையருகே நின்று காவல் காக்கச் சொல்கிறான்! அதுதான் திருமணம் என்று அவளும் நம்புகிறாள். அவன் வெளியூர் போன வேளையில் இன்னொருவன் வந்து வேறு பாடம் கற்பிக்கிறான். கணவன் திரும்பியதும், முன்னதைவிடப் பின்னது நன்றாயிருந்தது என்று அவளே வெள்ளை மனத்தோடு சொல்லிவிடுகிறாள். தவறு என்று அறியாதவளைத் தவறியவள் என்று எப்படிச் சொல்வது? ஒரு பெண் எழுதிய கதையிலே இந்தக் கேள்வி எழுந்தது நமக்கு வியப்பாகத் தோன்றவில்லை. கவசம் பூட்டப்பட்டவளுக்குத்தானே அதன் பாரம் தெரியும்!

மொலியேர் ஓர் அடி மேலே போகிறார். கவனித்துப் பார்த்தால், அவருடைய நாடகத்திலே சோரம் என்று ஒன்று நடக்கவேயில்லை! ஆர்னோல்ப் அன்யேசின் கணவனே அல்லன். அவள் யாருக்கும் வாக்குக் கொடுத்தவளும் அல்லள். ஐந்து அங்கங்களிலும் கொம்பு, கொம்பு என்று அவன்தான் குமுறிக்கொண்டிருக்கிறான். மணம் ஆவதற்கு முன்பே மனைவியின் கள்ளக் காதலுக்கு அஞ்சிச் சாகும் கணவனை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

அவன் சில நாள் வெளியூர் சென்றிருந்தபோது ஒராஸ் என்ற இளைஞன் வீதியில் போகிறான். பலகணியில் அமர்ந்து தைத்துக்கொண்டிருந்த அன்யேசைக் கண்டு வணங்குகிறான். வணக்கத்துக்கு வணக்கம் சொல்வதுதான் பண்பு என்று அவளும் வணங்குகிறாள். அவன் மீண்டும் வணங்க, இவள் மீண்டும் வணங்க, இருட்டும் வரை வணக்கம் நடக்கிறது! மறுநாள் ஒரு கிழவி வந்து, உன்னால் ஓர் இளைஞன் காயம்பட்டுக் கிடக்கிறான் என்கிறாள். நான் மேலிருந்து எதையாவது அவன்மேல் தவறவிட்டேனோ என்று பதறுகிறாள் பேதை. உன் கண்கள் செய்த காயம், உன்னைக் கண்டால் ஆறிவிடும் என்கிறாள் கிழவி. ஒருவன் சாவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? வரச்சொல்கிறாள். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஆர்னோல்பிடமே சொல்கிறாள். கையைப் பற்றினான், முத்தமிட்டான் என்கிறாள். பிறகு, எடுத்துக்கொண்டான் என்று சொல்லி நிறுத்துகிறாள். எதை, எதை என்று ஆர்னோல்ப் வியர்த்துக் கொட்ட, கடைசியில் அது நீங்கள் கொடுத்த ரிப்பன் என்கிறாள்! பாரிசு நகரத்துப் பெரிய மனிதர்களை வெகுண்டெழச் செய்த காட்சி இது. அசிங்கம் அவள் சொல்லில் இல்லை. கேட்பவன் மனத்தில் இருக்கிறது. வெகுண்டவர்கள் தம் மனத்தைத் தாமே காட்டிக்கொண்டார்கள்.

சினந்த ஆர்னோல்ப் என்ன செய்கிறான்? திருமணக் கடமைகளை ஓதுகிறான். தன் நெற்றியைச் சுட்டிக்காட்டி, இங்கே பார்த்துக்கொண்டு கேள் என்று அவளை நிற்க வைக்கிறான். ஆடவன் ஆளப் பிறந்தவன், பெண் அடங்கப் பிறந்தவள் என்கிறான். ஒழுக்கம் தவறிய மனைவியரை நரகத்திலே கொதிக்கும் கொப்பரைகளில் போடுவார்கள் என்கிறான். பிறகு ஒரு நூலை அவள் கையில் கொடுத்துப் படிக்கச் செய்கிறான். கணவன் விரும்பும் அளவுக்குமேல் அணியாதே, வெளியே போகும்போது கண்ணை மறைத்துக்கொள், கணவனைக் காண வருவோரைத் தவிர யாரையும் வரவேற்காதே, பரிசு வாங்காதே, விருந்துக்கும் கூட்டத்துக்கும் போகாதே! இப்படிப் பத்து விதிகள். பதினொன்றாவதைத் தொடங்கும்போது நாடகாசிரியருக்கே சலித்துவிட்டது போலும், நிறுத்திவிடுகிறார். ஏழாவது விதி நம்மை நிறுத்திற்று: மனைவியின் பொருள்களிலே மையும் தாளும் இறகுப் பேனாவும் இருக்கலாகாது, வீட்டில் எழுத வேண்டியது எதுவோ அதையெல்லாம் கணவனே எழுதுவான்!

இந்த விதியை அவள் வாய் படிப்பதற்கு முன்பே அவள் கை அதை மீறிவிட்டது. ஒராஸ் மீண்டும் வந்தால் கல்லை எறிந்து விரட்டு என்று ஆர்னோல்ப் கட்டளையிட்டிருந்தான். அவளும் எறிந்தாள். அவன் கண்ணெதிரேயே எறிந்தாள். கல்லோடு ஒரு கடிதமும் போயிற்று!

அந்தக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள், தோழர்களே. செய்யுளாகவே ஓடும் நாடகத்தில் அது மட்டும் உரைநடையாய் இருக்கிறது. அலங்காரம் இல்லை, அடுக்கு இல்லை. சொல்ல நினைப்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவிக்கிறாள். தன்னை ஒன்றுமறியாதவளாகவே வைத்திருந்தார்கள் என்பது தனக்கு இப்போதுதான் புரியத் தொடங்குகிறது என்கிறாள். சொல்லக் கூடாத எதையாவது சொல்லிவிடுவேனோ என்று அஞ்சுகிறாள். இளைஞர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்கிறார்கள், நீ அப்படியா என்று வெளிப்படையாகவே கேட்கிறாள். முதன்முறை சிலேட்டைப் பிடித்த பிள்ளை கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதிவிட்டு நம் முகத்தைப் பார்க்குமே, அந்தப் பார்வை இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆர்னோல்பின் ஆத்திரமோ வேறு திசையில் பாய்கிறது. இவளுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர் யார், இது என் திட்டத்துக்கு மாறாக நடந்துவிட்டதே என்று புலம்புகிறான். அவன் கட்டிய கோட்டையிலே ஒரு செங்கல் மட்டும் சரியாக அமையவில்லை. எங்கோ, யாரோ ஒரு பெயரறியாத ஆசிரியை, அந்தக் கன்னிமாடத்திலே, அவளுக்கு எழுத்தறிவித்துவிட்டாள். நாடகத்தில் அவள் தோன்றுவதே இல்லை. நமக்கோ, அவள்தான் நாடகத்தின் தலைவி என்று சொல்லத் தோன்றுகிறது.

கற்பு என்ற தமிழ்ச் சொல் 'கல்' என்னும் அடியிலிருந்து பிறந்தது. அதற்குக் கல்வி என்னும் பொருளும் உண்டு. கல்வியிலிருந்து பிறந்த சொல்லை அறியாமைக்குக் காவலாக நிறுத்தும் கூத்தை நினைத்தால் பிரெஞ்சு நாடகம் எதற்கு?

இனி நாம் கேட்கும் கேள்விக்கு வருவோம். வழிதவற வாய்ப்பே இல்லாதவளை வழிதவறாதவள் என்று போற்றலாமா? கைகளைக் கட்டிப்போட்டுவிட்டு, இவன் திருடமாட்டான், எவ்வளவு நேர்மையானவன் பாருங்கள் என்று சொன்னால் நகைக்கமாட்டோமா? உண்மையாய் இருத்தல் என்பது ஒருவர் மற்றவருக்குத் தரும் கொடை. தர மறுக்கவும் உரிமை உள்ளவர்தானே ஒன்றைத் தர முடியும்? மறுக்கும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டபின் கையில் கிடைப்பது கொடையன்று, பறிமுதல்.

ஆனால் காவலனுக்குத் தேவை உண்மையா, உடைமையா? இதற்கு விடையை ஐந்தாம் அங்கத்தில் ஆர்னோல்பின் வாயாலேயே வரவழைக்கிறார் மொலியேர். வீட்டை விட்டு வெளியேறிய அன்யேஸ் விதிவசமாக அவன் கையிலேயே சிக்குகிறாள். வளர்த்த நன்றியை மறந்தாயே என்கிறான். செலவழித்ததை ஒராஸ் காசு பாக்கியின்றித் திருப்பித் தருவார் என்கிறாள்! அவரை நேசிக்கலாமா என்கிறான். நேசிக்கும்படி நீங்களும் நடந்திருக்கலாமே, நான் தடுக்கவில்லையே என்கிறாள். நன்றாகத்தான் வளர்த்தீர்கள், நான் ஒரு மூடப்பெண் என்பது எனக்கே தெரியாதென்று நினைத்தீர்களா, இந்த வயதில் இப்படி இருக்க எனக்கு வெட்கமாயிருக்கிறது என்கிறாள். நகைச்சுவை நாடகத்தின் நடுவே இப்படி ஒரு நெருப்பு! அவள் சொல்லில் ஒராசைப் பற்றிய காதலைவிடத் தன்னைப் பற்றிய மானமே மேலோங்கி நிற்கிறது.

அவன் உடைந்து போகிறான். கெஞ்சுகிறான், அழட்டுமா, என்னை நானே அடித்துக்கொள்ளட்டுமா, தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறான். கடைசியாக ஒரு சொல் சொல்கிறான். என்னோடு இருந்துவிடு, நீ உன் விருப்பம்போல் நடந்துகொள்ளலாம் என்று குறிப்பாகச் சொல்லிவிடுகிறான்! கொம்புக்கு அஞ்சி ஒரு குழந்தையின் அறிவைக் கொன்றவன், ஊரெல்லாம் நகைத்தவன், பத்து விதி ஓதியவன், நரகக் கொப்பரையைக் காட்டியவன், அதே கொம்பை வேண்டுமானாலும் ஏற்கிறேன் என்கிறான். ஆக, அவன் காத்தது ஒழுக்கத்தையும் அன்று, தூய்மையையும் அன்று. பொருள் கையைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும். அதற்கும் அவள் அசையாதபோது என்ன சொல்கிறான்? கன்னிமாடத்தில் அடைத்துவிடுவேன்!

இதை நாடகக் கற்பனை என்று யாரேனும் ஒதுக்கலாம். சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் அங்கும் ஆர்னோல்ப் அமர்ந்திருக்கிறான். 1810ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டப்படி, சோரம் போன மனைவிக்கு 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. கணவன் குடும்பம் நடத்தும் வீட்டுக்குள்ளேயே ஆசைநாயகியை வைத்துக்கொண்டால்தான் குற்றம். அதற்கும் 100 முதல் 2000 பிராங்கு அபராதந்தான். 1975 வரை அந்நாட்டில் சோரம் குற்றமாக இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு இன்னும் வேடிக்கையானது. பிறன் மனைவியோடு கூடிய ஆடவனுக்கு 5 ஆண்டு வரை சிறை. ஆனால் கணவன் இசைந்திருந்தால் குற்றமே இல்லை! வயலில் மாடு மேய்ந்தது குற்றம், சொந்தக்காரன் விட்டால் குற்றமன்று என்பதுபோல. 1860இல் எழுதப்பட்ட அந்தப் பிரிவு 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள்தான் உச்சநீதிமன்றத்தால் செல்லாதென அறிவிக்கப்பட்டது. ஐந்தாம் அங்கத்திலே ஆர்னோல்ப் செய்த பேரத்தை, கணவன் இசைந்தால் சரி என்று, 158 ஆண்டுகள் சட்டமே செய்துகொண்டிருந்தது.

நாடகத்தில் கிரிசால்த் என்றொரு நண்பன் வருகிறான். மனைவி தவறினால் நல்லவனுக்கு அதில் என்ன இழிவு, அவன் செய்யாத செயலுக்கு அவன் ஏன் தலைகுனிய வேண்டும் என்று கேட்கிறான். பகுத்தறிவுள்ள கேள்விதான். ஆயினும் அவனை நம் ஆளாக ஏற்க நமக்குத் தயக்கம். சூதாட்டத்தில் காய் தவறி விழுந்தால் பொறுத்துக்கொள்வதுபோல் இதையும் பொறுத்துக்கொள் என்றுதான் அவன் அறிவுரை போகிறது. விழுந்த காய்க்கும் ஓர் உள்ளம் உண்டென்ற நினைவு அவனுக்கும் இல்லை.

இங்கே நம்மையும் சற்று இழுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அன்யேஸ் தன் கையில் மெழுகு போன்றவள், எப்படி வேண்டுமானாலும் உருவாக்கலாம் என்று ஆர்னோல்ப் பெருமையடிக்கிறான். பெண்களுக்குக் கல்வி வேண்டும், அப்போதுதான் நமக்கு ஏற்ற துணைவியராக விளங்குவர் என்று இளைஞர்கள் மேடையில் முழங்குவதை நாம் கேட்டிருக்கிறோம், கைதட்டியும் இருக்கிறோம். அவன் மூடத்தனமாய் வார்த்தான், நாம் அறிவாய் வார்க்கிறோம். நல்லதுதான். ஆனால் மெழுகு மெழுகாகத்தானே இருக்கிறது? அன்யேசின் கல் பறந்தது ஆர்னோல்புக்கு ஏற்ற துணைவியாக விளங்குவதற்காக அன்று. நாம் கற்றுக்கொடுத்த எழுத்தால் நமக்கு உவப்பில்லாத கடிதம் ஒன்றை ஒருத்தி எழுதும்போது, நம் முகம் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொலியேருக்கும் அந்தக் கண்ணாடி தேவைப்பட்டதோ என்னவோ! நாடகம் அரங்கேறிய அதே 1662ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் அவர் ஆர்மாந்த் பெஜாரை மணந்தார். அவருக்கு வயது 40. மணமகளுக்கு ஏறத்தாழ 20. ஆர்னோல்பாக மேடையில் நின்றவரும் அவரேதான். எதிரிகள் அவர் குடும்பத்தைப் பற்றி வாய்கூசாது பேசினர். அந்த வம்பில் நாம் இறங்கவில்லை. தம்மிடமே இருக்கக்கூடிய அச்சத்தை ஊரறிய மேடையேற்றித் தாமே நடித்துச் சிரிக்க வைத்த துணிவை மட்டும் மதிக்கிறோம். 1673ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள், நடித்துவிட்டு வீடு திரும்பியவர் அன்றிரவே இறந்தார். நடிகன் என்பதால் திருச்சபை இறுதிச் சடங்கை மறுத்தது. மன்னர் தலையிட்ட பிறகு, நான்கு நாள் கழித்து, இரவு நேரத்தில் ஆரவாரமின்றி அடக்கம் செய்ய விட்டார்கள். கொதிக்கும் கொப்பரைகளைக் கேலி செய்தவருக்கு, அவற்றின் சொந்தக்காரர்கள் வேறென்ன செய்வார்கள்?

எனினும் நாடகத்தின் முடிவு நமக்கு நிறைவளிக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து ஒரு செல்வர் திரும்பி வருகிறார். அவர்தாம் அன்யேசின் தந்தையாம்! ஒராசின் தந்தையும் அவரும் ஏற்கெனவே பேசி வைத்திருந்த மணமகள் அவளேயாம்! ஆர்னோல்ப் பேச்சற்றுப் பெருமூச்சோடு வெளியேறுகிறான்; கொட்டகை ஆர்ப்பரிக்கிறது. அவள் யாரை விரும்பினாளோ அவனையே அடைகிறாள், உண்மை. ஆனால் அவள் விரும்பியதால் அடையவில்லை. அப்பாக்கள் ஒப்பியதால் அடைகிறாள். இழுத்துச் செல்ல முயன்ற ஆர்னோல்புக்கு எதிரே, நான் இங்கேயே இருப்பேன் என்று அவள் மறுத்து நிற்பதுதான் நாம் கடைசியாகக் கேட்கும் அவள் குரல். அதற்குப் பிறகு தந்தை யாரென்று தெரிகிறது, தாய் யாரென்று தெரிகிறது, திருமணம் உறுதியாகிறது. ஆடவர் அனைவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். அன்யேஸ் மேடையில்தான் நிற்கிறாள். அவளுக்கு ஒரு வரிகூட எழுதப்படவில்லை.